ஸ்டெம் செல் சிகிச்சை... மருந்து எது, மீட்பு எது? - எம்.எஸ் நோயாளிகளின் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை!

2019 பிப்ரவரி. ஆஸ்கர் விருது விழா முடிந்த இரவில் ‘வேனிட்டி ஃபேர்’ பத்திரிகை வழக்கமாக நடத்தும் விருந்து. ஹாலிவுட் நட்சத்திரங்கள் வரிசையாக வந்து கேமராக்களுக்குப் புன்னகைத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் வந்தார் நடிகை செல்மா பிளேர். ‘லீகலி ப்ளாண்ட்’, ‘ஹெல்பாய்’ படங்களில் நடித்தவர். அப்போது அவருக்கு 46 வயது. அவர் கையில் ஒரு கைத்தடி இருந்தது. புகைப்படக்காரர்கள் பெயர் சொல்லி அழைக்க, ஒரு கட்டத்தில் அவர் அங்கேயே கண்கலங்கிவிட்டார்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், 2018 அக்டோபரில், தனக்கு ‘மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்’ என்ற நரம்பு நோய் இருப்பதாக இன்ஸ்டாகிராமில் அறிவித்திருந்தார். கீழே விழுகிறேன், கையில் இருப்பதைத் தவறவிடுகிறேன், நினைவு மங்குகிறது என்று அதில் எழுதியிருந்தார். பல வருடங்களாகவே அவருக்கு இந்தத் தொல்லைகள் இருந்தன. மருத்துவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தனியாகக் குழந்தை வளர்க்கும் அம்மாவின் களைப்பு என்றே பார்க்கப்பட்டது. அதனால் நோயின் பெயர் தெரிந்த நாளில் பயத்தைவிட நிம்மதிதான் வந்தது, அதனால்தான் அழுதேன் என்று பின்னர் தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். ‘எல்லாம் உன் மனப்பிரமை’ என்று கேட்டுக் கேட்டுச் சலித்த பெண்கள் நம் ஊரிலும் எத்தனையோ பேர். அந்த நிம்மதி அவர்களுக்குப் புரியும்.

2019-ம் ஆண்டிலேயே சிகாகோவில் அவருக்கு ஸ்டெம் செல் சிகிச்சை நடந்தது. 2021 ஆகஸ்ட்டில், நோய் அடங்கிய நிலையில் இருப்பதாக அறிவித்தார். அதே ஆண்டு அவரைப் பற்றிய ஆவணப்படமும் வெளியானது. உடனே உலகம் முழுக்க, ‘ஸ்டெம் செல்லால் குணமானார்’ என்ற ரீதியில் செய்திகள் பறந்தன.

குழப்பம் ஆரம்பிக்கும் இடம் இதுதான். ஏனென்றால், அந்தச் சிகிச்சையில் நோயை அடக்கியது ஸ்டெம் செல் இல்லை.

உறை உரிந்த மின்கம்பி

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். நம் நரம்புகளை மின்கம்பி என்று வைத்துக்கொண்டால், அதன் மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறை போன்றது ‘மயலின்’. கிருமிகளைத் தாக்க வேண்டிய உடலின் எதிர்ப்பு சக்தி, ஆள் மாறி இந்த மயலின் உறையைத் தாக்குவதுதான் எம்.எஸ். மூளை, தண்டுவடம், கண் நரம்பு என எங்கு வேண்டுமானாலும் தாக்குதல் நடக்கலாம். எங்கே உறை உரிகிறதோ, அதற்கேற்ப அறிகுறி மாறும். ஒருவருக்கு ஒரு கண் மட்டும் வலியோடு மங்கும். இன்னொருவருக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். தலையைக் குனிந்தால் முதுகில் ஷாக் அடித்ததுபோல இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலோருக்குப் பொதுவாக ஒரு களைப்பு இருக்கும், தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு. உடல் சூடானால் அறிகுறிகள் கூடும் என்பதால், கத்திரி வெயில் காலம் இவர்களுக்குப் பெரும்பாடு. சுடுதண்ணீர்க் குளியலே சிலருக்கு ஆகாது.

1868-ல் பாரிஸில் ஜான் மார்ட்டின் சார்கோ என்ற மருத்துவர்தான் இதைத் தனி நோயாக முதன்முதலில் தெளிவாக விவரித்தார். இன்று உலகம் முழுக்க சுமார் 28 லட்சம் பேர் இந்த நோயோடு வாழ்கிறார்கள் என்பது 2020-ம் ஆண்டுக் கணக்கு. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் ஆரம்பிக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்குக் குறைந்தது இரண்டு மடங்கு அதிகம். படிப்பு, வேலை, கல்யாணம், குழந்தை என்று வாழ்க்கை சூடுபிடிக்கும் வயதில் வந்து உட்கார்ந்துகொள்கிற நோய் இது.

ஏன் வருகிறது? ஒற்றைக் காரணம் கிடையாது. எப்ஸ்டீன் பார் என்ற மிகச் சாதாரணமான வைரஸுக்கு இதில் பெரிய பங்கு இருப்பதாக, அமெரிக்க ராணுவத்தினரின் ரத்த மாதிரிகளை வைத்து நடந்த ஆய்வு 2022-ல் காட்டியது. ஆனால், அந்த வைரஸ் பெரும்பாலோர் உடலில் இருக்கிறது, எம்.எஸ் வருவதோ மிகச் சிலருக்குத்தான்.

இந்த நோயின் போக்கைப் புரிந்துகொண்டால்தான் சிகிச்சையும் புரியும். 100-ல் 85 பேருக்கு இது ‘வந்து வந்து போகும்’ வகையாகத்தான் தொடங்குகிறது. ஒரு தாக்குதல் வரும், சில வாரங்களில் தணியும், மாதங்களோ வருடங்களோ கழித்து அடுத்தது வரும். அந்த ஆரம்ப வருடங்களில் நடப்பது அழற்சி, அதாவது எரிகிற தீ. பல வருடங்கள் போன பிறகு பலருக்குத் தாக்குதல்கள் குறைந்துவிடும். ஆனால் நடை மட்டும் மெள்ள மெள்ள மோசமாகிக்கொண்டே போகும். அப்போது உறையைத் தாண்டி நரம்பிழையே தேய ஆரம்பித்திருக்கும். ஆரம்பத்திலிருந்தே இப்படி மெள்ளத் தேயும் வகையும் ஒன்று உண்டு.

விதைநெல்லை எடுத்து வைத்துவிட்டு...

களை மண்டிய வயலைக் கற்பனை செய்துகொள்ளலாம். பயிரையும் களையையும் பிரிக்கவே முடியாத அளவுக்குப் பின்னிக்கிடக்கிறது. விவசாயி என்ன செய்வார்? விதைநெல்லைப் பத்திரமாக எடுத்துக் குதிரில் வைத்துவிட்டு, வயலை மொத்தமாக அழித்து உழுதுவிட்டுத் திரும்ப விதைப்பார். எம்.எஸ்ஸுக்கான ஸ்டெம் செல் சிகிச்சை ஏறக்குறைய அதுதான். களையை அழிப்பது உழவு. விதைநெல்லின் வேலை, வயல் தரிசாகிவிடாமல் காப்பது.

உழவு என்பது இங்கே கீமோதெரபி. புற்றுநோய்க்குத் தரும் அதே வகை மருந்துகள். மயலினைத் தாக்கிப் பழகிய வெள்ளை அணுக்களை மருந்தால் துடைத்தெடுத்துவிடுகிறார்கள். அப்படித் துடைத்தால் ரத்தமும் எதிர்ப்பு சக்தியும் மீண்டும் உருவாக நீண்ட நாள் ஆகும், அதற்குள் சாதாரணத் தொற்றே உயிரைப் பறித்துவிடலாம். அந்த ஆபத்தான இடைவெளியைக் குறைக்கத்தான் நோயாளியின் ஸ்டெம் செல்லை முன்கூட்டியே எடுத்து வைத்து, பிறகு திருப்பிச் செலுத்துகிறார்கள். அந்த செல்கள் ரத்த அணுக்களை உருவாக்கும். புதிதாக வளரும் வெள்ளை அணுக்களுக்குப் பழைய பகை நினைவில் இருக்காது என்பதுதான் கணக்கு. அவை புது நரம்பையும் உருவாக்காது, உரிந்த மயலினையும் ஒட்டவைக்காது. ரத்தத்துக்கான ஸ்டெம் செல்லுக்கு அந்த வேலை தெரியாது.

இதை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால், ‘கீமோவே இல்லாமல் ஒரே ஊசியில் ஸ்டெம் செல்’ என்று வரும் விளம்பரம் எதை விற்கிறது என்ற கேள்வி தானாகவே எழும். அதற்குப் பிறகு வருவோம்.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்?

முதலில் ஸ்டெம் செல்லை எலும்பு மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வரவழைக்க வேண்டும். அதற்காக ஒரு டோஸ் கீமோ மருந்தும், தொடர்ந்து சில நாள்கள் தொப்புளைச் சுற்றித் தோலுக்கடியில் ஊசியும் போடுவார்கள். இடுப்பு, முதுகு எலும்புகளில் ஒரு குடைச்சல் வரும். மஜ்ஜை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் அது. பிறகு ஒரு இயந்திரம், பார்ப்பதற்கு டயாலிசிஸ் போல. ஒரு குழாயில் ரத்தம் வெளியே வரும், ஸ்டெம் செல்கள் அடங்கிய பகுதி மட்டும் பிரிந்து ஒரு பையில் சேரும், மிச்ச ரத்தம் இன்னொரு குழாய் வழியாக உடம்புக்கே திரும்பிவிடும். சில மணி நேர வேலை. உடல் எடையில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் ஸ்டெம் செல்களாவது சேர வேண்டும். சேர்ந்ததை உறைய வைத்து, திரவ நைட்ரஜனின் கடுங்குளிரில் பாதுகாப்பார்கள்.

சில வாரங்கள் கழித்து நோயாளி மீண்டும் அட்மிட் ஆவார். கழுத்துக்குக் கீழே பெரிய ரத்தக்குழாயில் டியூப் பொருத்தப்படும். நான்கு முதல் ஆறு நாள்கள் கீமோ. சிகாகோ முறையில் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தோடு, முயலிடமிருந்து தயாரிக்கப்படும் ஏ.டி.ஜி என்ற எதிர்ப்பொருளும் தரப்படுகிறது. காய்ச்சல், நடுக்கம், வாந்தி எல்லாம் வரலாம். முடி கொட்டும். காய்ச்சல் வரும்போது பழைய எம்.எஸ் அறிகுறிகள் எல்லாம் தற்காலிகமாகத் திரும்பி வந்து பயமுறுத்தும்.

அதன் பிறகுதான், ‘பூஜ்ஜிய நாள்’ என்று மருத்துவர்கள் குறிப்பிடும் அந்த நாள். பெரிய ஆபரேஷனை எதிர்பார்த்திருக்கும் குடும்பத்தினருக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கும்! ரத்தம் ஏற்றுவதுபோல ஒரு சிறிய பை, சிறிது நேரத்தில் இறங்கிவிடும். உறைய வைக்கச் சேர்த்த ரசாயனத்தால் நோயாளியின் மூச்சில் ஒரு பூண்டு வாடை வீசும், ஒன்றிரண்டு நாள் அந்த அறையே அப்படித்தான் மணக்கும்.

உண்மையான சோதனை அதற்குப் பின்னால் வரும் பத்துப் பதினைந்து நாள்கள். வெள்ளை அணுக்கள் ஏறக்குறைய பூஜ்ஜியம். தனி அறை, வடிகட்டிய காற்று, கை கழுவாமல் யாரும் உள்ளே வர முடியாது. பச்சைக் காய்கறி சாலட், கடைச் சட்னி, வீட்டிலிருந்து வரும் பூ எதற்கும் அனுமதி இருக்காது. ரத்தம், தட்டணுக்கள் ஏற்ற வேண்டியிருக்கும். தினமும் காலையில் ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பார்கள். ஒருநாள் அந்த எண்ணிக்கை மெள்ள ஏற ஆரம்பிக்கும். வீட்டுக்குத் திரும்பினாலும் களைப்பு தீரப் பல மாதங்கள் ஆகும். சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளின் பாதுகாப்பும் போய்விடும் என்பதால், கைக்குழந்தைக்குப் போடுவதுபோல அவற்றை எல்லாம் திரும்பப் போட வேண்டும்.

கிரீஸில் தொடங்கியது

இந்த யோசனை எலிகளிடமிருந்து வந்தது. 1990-களின் தொடக்கத்தில் ஜெருசலேமிலும் நெதர்லாந்தின் ராட்டர்டாமிலும், எம்.எஸ் போன்ற நோய் உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு மஜ்ஜை மாற்றிப் பார்த்தபோது நோய் அடங்கியது. 1995-ல் கிரீஸ் நாட்டின் தெசலோனிகி நகரில் ரத்தவியல் மருத்துவர் அத்தனாசியஸ் ஃபாஸஸ் குழுவினர் மனிதர்களுக்கு இதைச் செய்யத் தொடங்கினார்கள். 1997-ல் வெளியான அவர்களின் முதல் அறிக்கையில் இருந்தவர்கள் 15 பேர். எல்லோரும் நோய் முற்றி மெள்ளத் தேய்ந்துகொண்டிருந்தவர்கள். வேறு வழி இல்லாதவர்களுக்குத்தானே இப்படி ஒரு ஆபத்தான சிகிச்சையைத் தர முடியும் என்பது அன்றைய நியாயம். அது புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஆனால், இந்தச் சிகிச்சையால் மிகக் குறைவாகப் பலன் பெறக்கூடியவர்கள் அவர்கள்தான் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

25 மருத்துவமனைகளில் 1995 முதல் 2006 வரை இந்தச் சிகிச்சை பெற்ற 281 பேரின் கதையைத் தொகுத்து 2017-ல் ஓர் ஆய்வு வெளியானது. 5 வருடங்கள் கழித்தும் நோய் மோசமாகாமல் இருந்தவர்கள், ‘வந்து வந்து போகும்’ வகையினரில் 73 சதவிகிதம். அடுத்தகட்டத் தேய்மான நிலைக்குப் போய்விட்டவர்களில் 33 சதவிகிதம்தான். சிகிச்சை முடிந்த 100 நாள்களுக்குள் 8 பேர் இறந்துபோனார்கள் என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்தது.

எட்டுப் பேர். எம்.எஸ் என்பது உடனடியாக உயிரைப் பறிக்கும் நோய் இல்லை. பல பத்தாண்டுகள் வாழக்கூடியவர்கள் அவர்கள். அதனால்தான் நரம்பியல் மருத்துவர்கள் நீண்ட நாள்கள் இந்தப் பக்கமே திரும்பத் தயங்கினார்கள். பிறகு நிலைமை மாறியது. ஐரோப்பியப் பதிவுகளின்படி, 2000-ம் ஆண்டு வரை சிகிச்சையால் ஏற்பட்ட மரணம் 7.3 சதவிகிதம். அடுத்த ஏழு வருடங்களில் அது 1.3 சதவிகிதமானது. இன்று அனுபவம் மிக்க மருத்துவமனைகளில் 100-க்கு ஒன்றுக்கும் குறைவு. சரியான நோயாளியைத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொண்டதும் இந்த மாற்றத்துக்கு ஒரு முக்கியக் காரணம்.

3 பேரும் 34 பேரும்

2016-ல் கனடாவின் ஒட்டாவாவிலிருந்து ஒரு முடிவு வந்தது. மிகத் தீவிரமான எம்.எஸ் இருந்த 24 பேருக்கு, மஜ்ஜையை அடியோடு துடைக்கும் கடுமையான கீமோ தரப்பட்டது. ஒருவர் இறந்தார். மீதி 23 பேருக்கு அதன் பிறகு ஒரு தாக்குதல்கூட வரவில்லை. ஸ்கேனில் புதிய தழும்பும் இல்லை. அவர்களில் சிலரைக் கண்காணித்தது 13 வருடங்கள் வரை.

எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது, 2019 ஜனவரியில் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வந்த ஆய்வு. சிகாகோவின் ரிச்சர்ட் பர்ட் தலைமையில், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஸ்வீடனின் உப்சாலா, பிரேசிலின் சாவ் பாலோ ஆகிய நகரங்களும் சேர்ந்து நடத்தியது. மருந்து சாப்பிட்டும் ஒரே வருடத்தில் இரண்டு முறையாவது தாக்குதலுக்கு ஆளான 110 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். 55 பேருக்கு ஸ்டெம் செல் சிகிச்சை. 55 பேருக்கு வேறு மருந்துகள். மருந்துக் குழுவில் 34 பேருக்கு நோய் மோசமானது. ஸ்டெம் செல் குழுவில் 3 பேருக்கு மட்டும். யாரும் இறக்கவில்லை. ஊனத்தின் அளவை 0 முதல் 10 வரை மதிப்பிடும் அளவுகோல் ஒன்று உண்டு. அதில் 6 என்றால் கைத்தடி தேவை. ஒரு வருடம் கழித்து ஸ்டெம் செல் குழுவின் சராசரி 3.38-லிருந்து 2.36-க்கு இறங்கியிருந்தது. மருந்துக் குழுவில் 3.31-லிருந்து 3.98-க்கு ஏறியிருந்தது.

புது நரம்பு முளைக்காவிட்டால் ஊனம் எப்படிக் குறைந்தது? தீ அணைந்த பிறகு, கருகாமல் தப்பிய நரம்புகள் வேலைக்குத் திரும்புகின்றன. உடலே ஓரளவு மயலினைச் சரிசெய்துகொள்கிறது. சீக்கிரம் அணைத்தவர்களுக்கு மிச்சம் அதிகம். அவ்வளவுதான் ரகசியம்.

இந்த ஆய்வுக்கும் ஒரு ‘ஆனால்’ உண்டு. ஒப்பிடப்பட்ட மருந்துகளில், இன்று மிகச் சக்தி வாய்ந்தவையாகக் கருதப்படும் ஓக்ரிலிசுமாப், அலெம்டுசுமாப் இரண்டும் இல்லை. 2023-ல் வெளியான இன்னொரு ஒப்பீட்டில், ஸ்டெம் செல் சிகிச்சை ஃபிங்கோலிமோட் மாத்திரையைத் தெளிவாக முந்தியது. நடாலிசுமாப் ஊசியைக் கொஞ்சம் முந்தியது. ஓக்ரிலிசுமாப்போடு ஒப்பிட்டால் கண்காணித்த குறுகிய காலத்துக்குள் வித்தியாசம் தெரியவில்லை. எனவேதான் அமெரிக்கா, இங்கிலாந்து, நார்வே, இத்தாலி போன்ற நாடுகளில், இன்றைய வலிமையான மருந்துகளோடு நேருக்கு நேர் மோதவிடும் ஆய்வுகள் தொடங்கப்பட்டன. ஐரோப்பிய மஜ்ஜை மாற்று மருத்துவர்களின் அமைப்பு, நல்ல மருந்து கொடுத்தும் அடங்காத ‘வந்து வந்து போகும்’ எம்.எஸ்ஸுக்கு இதை ஏற்கப்பட்ட சிகிச்சையாகவே பரிந்துரைக்கிறது.

ஆக, யாருக்கு இது? வயது குறைவு, நோய் வந்து அதிக வருடங்கள் ஆகவில்லை, இன்னும் நடக்க முடிகிறது, ஸ்கேனில் புதிதாக எரியும் புள்ளிகள் தெரிகின்றன, நல்ல மருந்தும் கேட்கவில்லை என்றால் பேசிப் பார்க்கலாம். பத்து வருடமாக சக்கர நாற்காலியில் இருந்து, புதிய தாக்குதலே இல்லாதவருக்கு ஆபத்து மட்டும்தான் மிஞ்சும். இதை நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்வது எந்த மருத்துவருக்கும் எளிதில்லை. இந்தச் சிகிச்சையை மிக ஏக்கத்தோடு தேடி வருபவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

அந்த ஏக்கத்தில் நுழையும் கடைகள்

அந்தக் கதவு அடைபடும்போதுதான் வேறு ஒரு கதவு திறக்கிறது. ‘கீமோ இல்லை, வலி இல்லை, மூன்றே நாளில் வீடு திரும்பலாம்’ என்று பேசும் கிளினிக்குகள். கொழுப்பிலிருந்தோ தொப்புள்கொடியிலிருந்தோ எடுத்த செல்களை ரத்தத்திலோ முதுகுத்தண்டிலோ ஊசியாகப் போடுகிறார்கள். பெயர் என்னவோ அதே ஸ்டெம் செல் சிகிச்சைதான். ஆனால், சிகாகோவில் நடந்ததற்கும் இதற்கும் பெயரைத் தவிர எந்த ஒற்றுமையும் இல்லை. விதைநெல் தூவுகிறார்கள், உழவே இல்லை. அதுவும் வேறு பயிரின் விதை.

அந்த வகை செல்களையும் விஞ்ஞானிகள் முறையாகச் சோதித்துப் பார்க்காமல் இல்லை. மீசென்கைமல் என்ற வகை செல்களை 9 நாடுகளில் 144 எம்.எஸ் நோயாளிகளிடம் சோதித்த ஆய்வின் முடிவு 2021-ல் வெளியானது. பெரிய பாதகம் இல்லை, ஆனால் மூளையின் அழற்சிப் புள்ளிகளும் குறையவில்லை. கருவிலிருந்து பெற்ற நரம்பு ஸ்டெம் செல்லை, நோய் முற்றிய 15 பேரின் மூளைக்குள்ளேயே செலுத்திப் பார்த்த ஆரம்பகட்ட ஆய்வும் 2023-ல் வந்தது. பாதுகாப்பாகத் தெரிகிறது என்பதுதான் அதிலிருந்து இப்போதைக்குக் கிடைத்த பதில். நாளை இங்கிருந்து நல்ல செய்தி வரலாம். ஆனால், அதை இன்றே ரசீது போட்டு விற்க முடியாது.

பலன் இல்லாவிட்டால் பணம்தான் போகும் என்று நினைத்தால் அதுவும் தவறு. பக்கவாதத்துக்காக மெக்சிகோ, சீனா, அர்ஜென்டினா என்று மூன்று நாடுகளில் முதுகுத்தண்டில் ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொண்ட ஒரு 66 வயது அமெரிக்கரின் நிலை, 2016-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியானது. அவர் தண்டுவடத்தில் கட்டி வளர்ந்திருந்தது. அது அவருடைய செல் அல்ல, யாரோ ஒருவருடைய செல்லிலிருந்து வளர்ந்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர்., 2017-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. மஜ்ஜை மாற்று போன்ற ஏற்கப்பட்ட பயன்பாடுகளைத் தவிர, அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல் தருவது முறைகேடான மருத்துவம். ஆய்வு என்றால், அதில் பங்கேற்பவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. நகையை அடகு வைத்து, நிலத்தை விற்று லட்சக்கணக்கில் கட்டச் சொல்லிவிட்டு, ‘இது ஒரு ஆய்வு’ என்று சொல்கிறார்கள் என்றால், அந்த இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது. இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட ஆய்வுகள் சி.டி.ஆர்.ஐ பதிவேட்டில் இருக்கும். பதிவு எண் என்ன என்று கேட்டாலே பல இடங்களில் பேச்சு மாறும்.

வீட்டில் பேச வேண்டிய விஷயம்

முறையான சிகிச்சைக்கே தகுதியானவர் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு பேச்சு பாக்கி இருக்கிறது. நம் வீடுகளில் பெரும்பாலும் யாரும் வாய்விட்டுப் பேசாத பேச்சு. இந்தக் கீமோ கருப்பையைவிட சினைப்பையைத்தான் அதிகம் பாதிக்கும். மாதவிடாய் நின்றுபோகலாம். வயது கூடக் கூட அது திரும்பி வரும் வாய்ப்பு குறைவு. ஆண்களுக்கு விந்தணு உற்பத்தி பாதிக்கப்படலாம். இந்தச் சிகிச்சைக்குப் பிறகு குழந்தை பெற்றவர்கள் இருக்கிறார்கள் என்றாலும், அதை நம்பி இருந்துவிட முடியாது. கருமுட்டையையோ விந்தணுவையோ உறைய வைப்பதாக இருந்தால், முதல் கீமோ டோஸுக்கு முன்பே செய்துவிட வேண்டும். 24 வயதில், கல்யாணம் ஆகாத ஒரு பெண்ணிடம் இதை யார் கேட்பது, எப்படிக் கேட்பது என்று அப்பாவும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டால், பிறகு கேட்டுப் பயனில்லை. மருத்துவர் சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணே கேட்டுவிடலாம்.

பின்னாளில் சிலருக்குத் தைராய்டு போன்ற வேறு தன்னெதிர்ப்பு நோய்கள் தலைகாட்டுவதும் உண்டு. அதற்காகத் தொடர் பரிசோதனை தேவை.

நம் நாட்டில் மஜ்ஜை மாற்று புதிதல்ல. 1983-ல் மும்பை டாடா மருத்துவமனையிலும், 1986-ல் வேலூர் சி.எம்.சி-யிலும் தொடங்கிவிட்டது. ரத்தப் புற்றுநோய்க்காக இந்த வேலையில் தேர்ந்த குழுக்கள் இருக்கின்றன. எம்.எஸ்ஸுக்கு இதைச் செய்வதென்றால், மஜ்ஜை மாற்று மருத்துவரும் எம்.எஸ்ஸில் அனுபவம் உள்ள நரம்பியல் மருத்துவரும் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் இருந்தால் போதாது. அதற்கும் முன்னால் நோய் எம்.எஸ்தானா என்பது உறுதியாக வேண்டும். கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் என்.எம்.ஓ என்ற நோய் பார்க்க எம்.எஸ் போலவே இருக்கும். சில எம்.எஸ் மருந்துகள் அதை மோசமாக்கிவிடும். ஒரு ரத்தப் பரிசோதனை பலருக்கு அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

மருந்துப் பக்கமும் நல்ல செய்தி இருக்கிறது. ரிடுக்ஸிமாப் என்ற மருந்து ரத்தப் புற்றுநோய்க்காக வந்தது. ஸ்வீடனில் அதை எம்.எஸ்ஸுக்குப் பரவலாகக் கொடுத்துப் பார்த்து நல்ல பலன் கண்டார்கள். இந்தியாவிலும் நரம்பியல் மருத்துவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். இங்கேயே தயாராவதால் விலையும் ஓரளவு கட்டுக்குள் இருக்கிறது. 2023-ல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் முதன்முறையாக எம்.எஸ் மருந்துகளைச் சேர்த்தது. அந்த மூன்றில் ரிடுக்ஸிமாப் ஒன்று. ஆரம்பத்திலேயே இப்படி வலுவான மருந்தைத் தொடங்கிவிட்டால், பலருக்கு ஸ்டெம் செல் பேச்சே எழாமல் போகலாம். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸையும் தன் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது என்பதும், அதற்கான சான்றிதழ் பெறலாம் என்பதும் பல குடும்பங்களுக்கு இன்னும் தெரியாது.

செல்மா பிளேருக்கு வருவோம். நோய் அடங்கியதாக அறிவித்த அடுத்த ஆண்டு, 2022-ல், ‘டான்ஸிங் வித் தி ஸ்டார்ஸ்’ நடனப் போட்டியில் கலந்துகொண்டார். கைத்தடியைப் பிடித்தபடி மேடைக்கு வருவார், அதை ஓரமாக வைத்துவிட்டு ஆடுவார். சில வாரங்கள் ஆடினார். அக்டோபரில் எடுத்த ஸ்கேனில் எலும்பிலும் தசைநார்களிலும் காயங்கள் தெரிந்தன, இனி ஆடினால் உடம்பு தாங்காது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். கடைசியாக ஒரு மெதுவான வால்ட்ஸ் ஆடிவிட்டு விலகினார். நடுவர்கள் முழு மதிப்பெண் கொடுத்தார்கள். நடையில் தள்ளாட்டமும் பேச்சில் திக்கலும் அவரிடம் இன்னும் இருக்கின்றன. வெளியே கிளம்பினால் கைத்தடியோ, அவருக்கு உதவப் பழக்கப்பட்ட ஸ்கவுட் என்ற நாயோ கூடவே போகும்.